ஆர்டர் பை: தரவுத்தளத்திலிருந்து பட்டியலை வரிசையாக எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"நேற்றுவரை ஒழுங்காக வந்த பட்டியல் இன்றைக்கு ஏன் குழம்பி வருகிறது?" தரவுத்தளம் பழகத் தொடங்கும் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி இது. பதில் சுருக்கமானது. அந்தப் பட்டியலுக்கு வரிசை என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. நேற்று ஒழுங்காக வந்தது தற்செயல்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்டபோது, அட்டவணையைக் கணிதத்தில் வரும் ஒரு கணமாகவே பார்த்தார். கணத்துக்குள் முதலாவது, கடைசி என்று எதுவும் இல்லை. ஆகவே நமக்கு எந்த வரிசை வேண்டும் என்பதை வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையில்) ஆர்டர் பை என்ற சொல்லால் நாமே எழுத வேண்டும். முழுதாக எழுத வேண்டும், இரண்டு பேருக்கு ஒரே மதிப்பு வந்து சமநிலை ஏற்பட்டால் என்ன செய்வது என்பது வரைக்கும். இந்த வழிகாட்டியில் உள்ளது அவ்வளவுதான், ஆனால் அந்த 'முழுதாக' என்ற இடத்தில்தான் நிறையப்பேர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு குறிப்பு. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அட்டவணைப் பெயரையும் நிரல் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம் (நிரல் என்றால் அட்டவணையில் மேலிருந்து கீழே போவது, நிரை என்றால் இடமிருந்து வலமாகப் போவது). போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு அட்டவணை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பால் சேகரிப்பு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வரும் பாலை அளந்து, கொழுப்புப் பார்த்துப் பதிகிறார்கள். ஒருநாள் வரவு இது (எல்லாம் கற்பனை எண்கள்):

வரவு_இலக்கம் | ஊர் | உறுப்பினர் | லீட்டர் | கொழுப்பு
1 | வவுணதீவு | 9 | 6.5 | 4.1
2 | ஆயித்தியமலை | 10 | 11.0 | 3.6
3 | கரடியனாறு | 112 | 6.5 | (வெற்று)
4 | கொக்கட்டிச்சோலை | 27 | 8.0 | 4.4
5 | வவுணதீவு | 31 | 6.5 | 3.9
6 | உன்னிச்சை | 4 | 11.0 | 4.0

மூன்றாவது நிரையில் கொழுப்பு இல்லை. பரிசோதனை இன்னும் முடியவில்லை. திகதி நிரலும் உண்டு, எல்லாம் ஒரே நாள் என்பதால் இங்கே காட்டவில்லை. அட்டவணையின் பெயர் பால்வரவு.

படி 1: வரிசை சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பாருங்கள்

போஸ்ட்கிரெஸில் இதைச் செய்துபாருங்கள். முதலில் வெறுமனே எல்லாவற்றையும் எடுங்கள்:

செலெக்ட் * ஃப்ரம் பால்வரவு;

1, 2, 3, 4, 5, 6 என்று அழகாக வரும். இப்போது இரண்டாவது நிரையின் கொழுப்பை 3.6இலிருந்து 3.8 ஆகத் திருத்துங்கள்:

அப்டேட் பால்வரவு செட் கொழுப்பு = 3.8 வேர் வரவு_இலக்கம் = 2;

மறுபடி அதே செலெக்ட். இப்போது 1, 3, 4, 5, 6, 2. போஸ்ட்கிரெஸ் பழைய நிரையை இருந்த இடத்தில் அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை வேறொரு இடத்தில் போட்டுவிட்டுப் பழையதைச் செத்ததாகக் குறித்து வைக்கும். படிக்கும்போது கிடக்கிறபடி படித்துக் கொடுக்கும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி நிரைகளை முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் நிரல்; நம் அட்டவணையில் வரவு_இலக்கம்) வரிசையில் சேமிப்பதால் அங்கே இப்படிக் குழம்புவது குறைவு. அதை நம்பி எழுதினால், என்றைக்கு வேறொரு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட வைத்திருக்கும் சுட்டி) வழியாகப் படிக்க அது முடிவு செய்கிறதோ அன்றைக்குக் கதை மாறும்.

நிரைகளைக் குழுவாகச் சேர்க்கும் குரூப் பை போட்டால் தானாக வரிசை வரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. மைஎஸ்கியூஎல் 5.7 வரைக்கும் அப்படித்தான் வந்தது; 8.0இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய மென்பொருளைப் புதிய சேர்வருக்கு மாற்றிய பிறகு அறிக்கைகள் குழம்பினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

படி 2: ஒரு நிரலால் வரிசைப்படுத்துங்கள்

செலெக்ட் உறுப்பினர், ஊர், லீட்டர்
ஃப்ரம் பால்வரவு
ஆர்டர் பை லீட்டர் டெஸ்க்;

டெஸ்க் என்றால் இறங்குவரிசை. ஒன்றும் போடாவிட்டால் ஏறுவரிசை. விரும்பினால் ஏஎஸ்சி என்று வெளிப்படையாகவும் போடலாம். வேர் (வடிகட்டும் நிபந்தனை), குரூப் பை எல்லாவற்றுக்கும் பிறகு, லிமிட்டுக்கு (எத்தனை நிரை போதும் என்று சொல்வது) முன்னால்தான் ஆர்டர் பை வர வேண்டும்.

நிரலின் பெயருக்குப் பதிலாக ஆர்டர் பை 3 என்று இட எண்ணையும் கொடுக்கலாம். அவசரத்துக்குத் திரையில் பார்க்க அது போதும். மென்பொருளுக்குள் எழுதாதீர்கள். யாராவது செலெக்ட்டில் நடுவே ஒரு நிரலைச் செருகினால் பிழைச்செய்தி எதுவும் வராமலே வரிசை மாறிவிடும்.

செலெக்ட்டில் ஒரு நிரலுக்கோ கணக்குக்கோ நாமாக வைத்த புனைபெயர் ஆர்டர் பையில் செல்லும், வேரில் பொதுவாகச் செல்லாது. தரவுத்தளம் முதலில் வடிகட்டி, பிறகு செலெக்ட்டைக் கணித்து, அதன் பின்னரே வரிசைப்படுத்துகிறது என்பதுதான் காரணம். லீட்டர் * கொழுப்பு என்ற கணக்குக்கு 'மதிப்பு' என்று பெயர் வைத்தால் ஆர்டர் பை மதிப்பு டெஸ்க் வேலை செய்யும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ஆர்டர் பை மதிப்பு + 1 என்றால் அப்படியொரு நிரல் இல்லை என்று சண்டைக்கு வரும். கணக்குக்குள் புனைபெயரை அது விடாது.

படி 3: சமநிலையை முறியுங்கள்

மேலே உள்ள வினவலின் விடையில் 11.0 லீட்டர் இரண்டு பேருக்கு, 6.5 மூன்று பேருக்கு. அவர்களுக்குள் யார் முன்னே? நீங்கள் சொல்லவில்லை, ஆகவே தரவுத்தளம் தன் பாட்டுக்கு வைக்கும். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு இன்னொரு மாதிரி.

ஆர்டர் பை லீட்டர் டெஸ்க், கொழுப்பு டெஸ்க், வரவு_இலக்கம்

முதலில் லீட்டர், லீட்டர் சமமானால் கொழுப்பு, அதுவும் சமமானால் வரவு இலக்கம். கடைசியில் எப்போதும் முதன்மைச் சாவியைப் போடுங்கள். அது இருவருக்கு ஒன்றாக இருக்க முடியாது; எனவே வரிசை ஒரேயொரு விதமாகத்தான் அமையும். நான் யாருடைய வினவலைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இந்தக் கடைசித் துண்டைத்தான்.

டெஸ்க் என்பது அது ஒட்டியிருக்கும் நிரலுக்கு மட்டுமே உரியது என்பதையும் கவனியுங்கள். ஆர்டர் பை லீட்டர், கொழுப்பு டெஸ்க் என்றால் லீட்டர் ஏறுவரிசை, கொழுப்பு மட்டும் இறங்குவரிசை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் டெஸ்க் போட்டோம் என்று நினைத்துக்கொண்டு, குறைந்த பால் தந்தவரைப் பட்டியலின் தலையில் ஏற்றியவர்கள் உண்டு.

சமநிலை லிமிட்டோடு சேரும்போது மனிதப் பிரச்சினையாகிறது. கூடுதலாகப் பால் தந்த நால்வருக்கு ஊக்கத்தொகை என்று சங்கம் முடிவு செய்கிறது. லிமிட் 4 போடுகிறீர்கள். 2, 6, 4 என்ற மூன்று வரவும் நிச்சயம். நான்காம் இடத்துக்கு 6.5 லீட்டரோடு மூன்று பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் மட்டும் உள்ளே வருவார். மற்ற இருவரும் அலுவலகத்துக்கு வந்து கேட்டால் சொல்ல உங்களிடம் நியாயம் இருக்காது. ஒன்றில் கொழுப்பைப் பார்த்துத் தீர்ப்போம் என்று விதியை எழுதுங்கள், அல்லது சமமானவர்கள் எல்லோரையும் எடுங்கள்:

ஆர்டர் பை லீட்டர் டெஸ்க்
ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 4 ரோஸ் வித் டைஸ்;

இது ஆறு நிரைகளையும் தரும். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து உண்டு, ஆரக்கிளிலும் உண்டு. எஸ்கியூஎல் சேர்வரில் டாப் 4 வித் டைஸ் என்று எழுத வேண்டும்.

படி 4: வெற்று மதிப்பை எங்கே வைப்பது?

கரடியனாற்று உறுப்பினரின் கொழுப்பு நிரல் வெற்று, அதாவது நல். அது 0 இல்லை. ஆர்டர் பை லீட்டர் டெஸ்க், கொழுப்பு டெஸ்க் என்று கேட்டால் 6.5 லீட்டர்காரர் மூவரும் போஸ்ட்கிரெஸில் 3, 1, 5 என்று வருவார்கள். மைஎஸ்கியூஎல்லில் 1, 5, 3. போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நல்லை எல்லாவற்றிலும் பெரியது என்று கொள்கின்றன. மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சேர்வர், எஸ்கியூலைட் ஆகியவற்றுக்கு அது எல்லாவற்றிலும் சிறியது. இரண்டும் பிழையில்லை. பரிசோதனையே முடியாத பாலைத் தலைப்பில் காட்டுவதுதான் பிழை.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், 3.30உம் அதற்குப் பிந்தியதுமான எஸ்கியூலைட் ஆகியவற்றில்:

ஆர்டர் பை கொழுப்பு டெஸ்க் நல்ஸ் லாஸ்ட்

மைஎஸ்கியூஎல்லில் இந்தச் சொல் இல்லை. அங்கே ஆர்டர் பை கொழுப்பு இஸ் நல், கொழுப்பு டெஸ்க் என்று எழுதுங்கள். இஸ் நல் என்பது ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. எனவே மதிப்பு உள்ளவை முதலிலும் வெற்று கடைசியிலும் போகும். எஸ்கியூஎல் சேர்வரில் இதையே கேஸ் கூற்றால் செய்ய வேண்டும். கேஸ் கீழே வருகிறது.

வெற்று இடம் கண்ணை உறுத்துகிறது என்று 0 போட்டு நிரப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். வரிசையும் கெடும், சராசரியும் கெடும்.

படி 5: எண்ணை எண்ணாக, திகதியைத் திகதியாக வையுங்கள்

உறுப்பினர் இலக்கம் எழுத்து வகை நிரலில் இருந்தால் வரிசை இப்படி வரும்: 10, 112, 27, 31, 4, 9. முதல் எழுத்தைப் பார்த்து ஒப்பிடுவதால் 112 என்பது 27க்கு முன்னே. சரியான மருந்து நிரலின் வகையை மாற்றுவது. அதுவரைக்கும் ஆர்டர் பை காஸ்ட்(உறுப்பினர் ஆஸ் இன்டிஜர்) என்று எண்ணாக மாற்றி அடுக்குங்கள். மைஎஸ்கியூஎல்லில் இன்டிஜருக்குப் பதில் அன்சைன்ட். நிரலுக்குள் எங்காவது எண் அல்லாத ஒன்று கிடந்தால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும், மைஎஸ்கியூஎல் அதைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிட்டுப் போகும். இரண்டில் நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

உ-9, உ-10 என்று முன்னொட்டு ஒரே மாதிரி இருந்தால் ஒரு குறுக்கு வழி: முதலில் எழுத்தின் நீளத்தால், பிறகு எழுத்தால் வரிசைப்படுத்துங்கள். நீளம் குறைந்தது முன்னே வருவதால் 9 முதலில் வரும், 10 பின்னால் வரும்.

திகதியும் இப்படித்தான். 05-01-2025 என்று எழுத்தாகச் சேமித்தால் ஜனவரி 5 பெப்ரவரி 3க்குப் பின்னால் போய் நிற்கும், ஏனென்றால் 05 என்பது 03ஐ விடப் பெரியது. திகதி வகை நிரலைப் பயன்படுத்துங்கள். வகை இல்லாத இடத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2025-01-05 என்று எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். எஸ்கியூலைட்டில் தனியாகத் திகதி வகை கிடையாது என்பதால் அங்கே இது கட்டாயம்.

படி 6: தமிழை அகரவரிசையில் எடுப்பது

ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை, நமக்கோ இதுதான் பெரிய தலையிடி. க-வில் தொடங்கும் சில ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசைப்படி: கரடியனாறு, கல்முனை, கல்லடி, களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கறுவாக்கேணி, கன்னன்குடா. எஸ்கியூலைட்டிலோ, சி என்ற ஒப்பீட்டு விதியில் (எழுத்துகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று சொல்லும் விதி) அமைந்த போஸ்ட்கிரெஸிலோ ஆர்டர் பை ஊர் என்றால் வருவது: கன்னன்குடா, கரடியனாறு, கறுவாக்கேணி, கல்முனை, கல்லடி, களுதாவளை, களுவாஞ்சிக்குடி.

கடைசியில் இருக்க வேண்டிய கன்னன்குடா தலைப்பில் நிற்கிறது. யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னாலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடும் தரவுத்தளம் அந்த ஒழுங்கில்தான் அடுக்கும்.

புள்ளியும் இடறும். அகராதியில் ண் முதலில், ண பிறகு. எனவே மண்டூர் முன்னே, மணற்பிட்டி பின்னே. யூனிகோடில் புள்ளிக்குரிய எண் எல்லா மெய்களையும் உயிர்க்குறிகளையும் விடப் பெரியது. அதனால் மணற்பிட்டி முந்திக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் ஒப்பீட்டு விதிகளோடு வருகிறது. தமிழுக்கு உரியதைக் கொடுத்தால் போதும்:

ஆர்டர் பை ஊர் கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியூ"

ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சிறிய எழுத்தில், இரட்டை மேற்கோளுக்குள் தட்ட வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0இன் இயல்பான ஒப்பீட்டு விதி யூனிகோடின் பொது ஒப்பீட்டு முறையைப் பின்பற்றுவது. மெய்களின் ஒழுங்கு அகராதிக்கு ஒத்துவரும், புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் சோதித்துப் பாருங்கள். எஸ்கியூலைட்டில் ஒப்பீட்டைச் செய்யும் செயல்கூறை உங்கள் மென்பொருளிலிருந்து நீங்களே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, உள்ளே கிடப்பது யூனிகோட் தானா என்று. இலங்கையில் பல அலுவலகங்களின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தரவுத்தளத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் கோர்வை. கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படுவதால் கொக்கட்டிச்சோலை க-வோடு சேராமல், கொம்பில் தொடங்கும் மற்றவற்றோடு போய் ஒதுங்கும். எந்த ஒப்பீட்டு விதியும் இதைக் காப்பாற்றாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

பெயர்ப் பட்டியல் இன்னொரு வகை. நாம் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதுகிறவர்கள். ஒரே நிரலில் முதலெழுத்துடன் பெயரைச் சேமித்தால், எம் என்று தொடங்கும் முதலெழுத்துக்காரர் எல்லோரும் எ-வில் குவிவார்கள். அவர்களுடைய பெயரால் யாரையும் தேட முடியாது. முதலெழுத்துக்கு ஒரு நிரல், பெயருக்கு ஒரு நிரல். ஆர்டர் பை பெயர், முதலெழுத்து. காட்டும்போது இரண்டையும் ஒட்டிக் காட்டுங்கள்.

படி 7: அகரவரிசையே வேண்டாத வரிசைகள்

நெல் கொள்முதல் அறிக்கையில் போகம் என்று ஒரு நிரல். அகரவரிசையில் சிறுபோகம் முன்னே வரும். வயல்காரருக்கு ஆண்டு பெரும்போகத்தோடுதான் தொடங்குகிறது:

ஆர்டர் பை கேஸ் போகம் வென் 'பெரும்போகம்' தென் 1 வென் 'சிறுபோகம்' தென் 2 எல்ஸ் 3 எண்ட்

இரண்டு மூன்று மதிப்புகளுக்குக் கேஸ் போதும். ஆனால் தயிர்ச்சட்டி ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் சின்ன லொறியை நினைத்துப் பாருங்கள். சாரதிக்கு வேண்டியது ஏ4 வீதியில் ஊர்கள் வரும் வரிசை: காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அகரவரிசையில் கொடுத்தால் முதல் இறக்கம் அக்கரைப்பற்று, அடுத்தது அட்டாளைச்சேனை, பிறகு திரும்பி ஆரையம்பதி! எரிபொருள் காசை யார் கொடுப்பது?

இதற்கு ஊர் என்ற தனி அட்டவணையில் வீதி_வரிசை என்ற எண் நிரலை வையுங்கள். காத்தான்குடி 10, ஆரையம்பதி 20, களுவாஞ்சிக்குடி 30 என்று இடைவெளி விட்டு. நாளைக்குக் கிரான்குளத்தில் ஒரு கடை சேர்ந்தால் 25 கொடுத்துவிடலாம், மற்ற எண்களைத் தொட வேண்டியதில்லை. கடை அட்டவணையை ஊரோடு ஜொயின் செய்து (இணைத்து) ஆர்டர் பை வீதி_வரிசை, கடை_இலக்கம் என்று எடுங்கள். திரும்பி வரும்போது வெற்றுச் சட்டி சேர்க்க வீதி_வரிசை டெஸ்க்.

படி 8: பக்கம் பக்கமாகக் காட்டும்போது

லிமிட் 20 ஆஃப்செட் 20 என்றால் முதல் 20ஐத் தாண்டி அடுத்த 20, அதாவது இரண்டாம் பக்கம். படி 3இல் சொன்ன முதன்மைச் சாவி இல்லாவிட்டால் ஒரே நிரை இரண்டு பக்கத்திலும் வரலாம், இன்னொன்று எதிலுமே வராமல் போகலாம்.

சாவியைப் போட்டாலும் ஒன்று மிச்சம். புதியது மேலே வரும் பட்டியலில், நீங்கள் முதல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு புதிய வரவு பதியப்பட்டால் எல்லாம் ஓரிடம் கீழே தள்ளப்படும். முதல் பக்கத்தின் கடைசி நிரையை இரண்டாம் பக்கத்திலும் காண்பீர்கள். ஆஃப்செட் பெரிதாகப் பெரிதாக மெதுவாகவும் ஆகும், ஏனென்றால் தாண்டிப்போக வேண்டிய நிரைகளையும் அது படித்தே தீர வேண்டும். இதைவிட, கடைசியாகக் காட்டிய நிரையை நினைவில் வைத்து அதற்கு அப்பால் கேட்பது நல்லது:

வேர் (திகதி, வரவு_இலக்கம்) < ('2025-02-03', 418)
ஆர்டர் பை திகதி டெஸ்க், வரவு_இலக்கம் டெஸ்க்
லிமிட் 20;

நேரே 57ஆம் பக்கத்துக்குத் தாவ இதில் முடியாது. பால் வரவுப் பட்டியலில் யாரும் அப்படித் தாவுவதில்லை.

படி 9: மெதுவாக வந்தால்

வினவலுக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டு ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் எந்த முறையில் வரிசைப்படுத்தியது என்று சொல்லும். குவிக்சோர்ட் என்றால் நினைவகத்துக்குள்ளேயே முடிந்தது. எக்ஸ்டெர்னல் மெர்ஜ் என்றால் இடம் போதாமல் வட்டில் எழுதி எழுதி இணைத்திருக்கிறது. அதற்குரிய வேர்க்மெம் அமைப்பின் இயல்பான அளவு 4 எம்பி மட்டுமே. பெரிய அறிக்கை ஓட்டும் அமர்வில் மட்டும் அதைக் கூட்டலாம். லிமிட் இருந்தால் டாப்-என் ஹீப்சோர்ட் என்று காட்டும்; எல்லாவற்றையும் அடுக்காமல் மேலே உள்ள சிலவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகும் முறை அது.

வரிசைப்படுத்தவே தேவையில்லாமல் செய்வது இன்னும் மேல். பி-ட்ரீ இண்டெக்ஸ் ஏற்கெனவே அடுக்கப்பட்டது. திகதி, வரவு_இலக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் இருந்தால் மேலே உள்ள பக்க வினவல் அதைப் பின்னிருந்து படித்து 20 நிரையோடு நின்றுவிடும். ஒன்று ஏறுவரிசை, மற்றது இறங்குவரிசை என்றால் இண்டெக்ஸையும் அப்படியே கலந்து உருவாக்க வேண்டும், மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்தியவை இண்டெக்ஸில் போட்ட டெஸ்க்கைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். தமிழ் ஒப்பீட்டு விதியோடு வரிசைப்படுத்துகிறீர்கள் என்றால் இண்டெக்ஸும் அதே விதியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும்.

படி 10: வரிசையைத் தொலைக்கும் இடங்களும் ஒரு திறந்த கதவும்

உள்வினவலிலோ (வினவலுக்குள் வரும் வினவல்) வியூவிலோ (பெயர் வைத்துச் சேமித்த வினவல்) போட்ட ஆர்டர் பை வெளியே வரும்வரை நிலைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி, லிமிட் இல்லாத உள்வினவலின் ஆர்டர் பையைத் தூக்கி எறிந்துவிடும். இரண்டு வினவல்களின் விடைகளை யூனியனால் ஒன்றாக்கினால் ஒரேயொரு ஆர்டர் பை, கடைசியில். சுருக்கமாக, வரிசையை எப்போதும் வெளிவினவலில் எழுதுங்கள்.

பயனர் தலைப்பைச் சொடுக்கி வரிசை மாற்றும் திரை செய்கிறீர்கள் என்றால், நிரல் பெயரைக் கேள்விக்குறி இட்ட இடத்துக்கு அளவுருவாக அனுப்பிப் பார்ப்பீர்கள். பிழை வராது, வரிசையும் வராது. 'லீட்டர்' என்ற நிலையான எழுத்தால் வரிசைப்படுத்தச் சொன்னதாகவே தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும். சரி என்று பயனரிடமிருந்து வந்ததை அப்படியே வினவலோடு ஒட்டினால் உள்ளே கட்டளையைச் செருக யாருக்கும் வழி கிடைத்துவிடும். அனுமதிக்கப்பட்ட நிரல்களின் சிறு பட்டியல் ஒன்றை மென்பொருளுக்குள் வைத்து, வந்த சொல் அதில் இருந்தால் மட்டும் அதற்குரிய நிரல் பெயரை நீங்களே எழுதுங்கள். திசைக்கும் அப்படியே, ஏஎஸ்சி அல்லது டெஸ்க், வேறெதுவும் இல்லை. எதைச் சொடுக்கினாலும் கடைசியில் வரவு_இலக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.